வண்டி ஹீட் ஆகுதா? காரைக்குடி பக்கம் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

காரைக்குடியில இருபது வருஷத்துக்கு மேல கார் வேலை பாக்குறேன். சித்திரை பொறந்துட்டா போதும், "அண்ணே ஹீட் காட்டுற முள்ளு மேல ஏறுது"ன்னு போன் வர ஆரம்பிச்சிரும், கத்திரி வெயில் முடியிற வரைக்கும் நிக்காது. எல்லாருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப சொல்றதுனால இங்க மொத்தமா எழுதி வைக்கிறேன். வண்டி ஹீட் ஆச்சுன்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "எப்ப ஏறுது?" நிக்கும்போதா, ஓடும்போதா, ஏசி போட்டாவா, காலையில ஸ்டார்ட் பண்ண அஞ்சாவது நிமிஷமேவா. அதுக்கு சரியா பதில் சொல்லிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முள்ளு எங்க இருந்தா சரி? எத்தனை டிகிரி இருக்கணும்?

பெரும்பாலான கார்ல இன்ஜின் சூடேறி ஓடும்போது கூலன்ட் (இன்ஜின் சூட்டை எடுக்க உள்ள சுத்துற தண்ணி) 85-லருந்து 105 டிகிரி செல்சியஸ்குள்ள இருக்கும். முள்ளு நடுவுல நிக்கும். ஆனா ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது, இப்ப வர்ற வண்டியில அந்த முள்ளு உள்ளதை உள்ளபடி காட்டாது, 80-ஆ இருந்தாலும் 100-ஆ இருந்தாலும் நடுவுலயே நிக்கிற மாதிரி கம்பெனியிலயே வச்சிருக்காங்க, ஏன்னா லேசா ஏறி இறங்குனாலே சனம் பயந்து சர்வீஸுக்கு ஓடி வரும். அதனால நடுவுல நிக்கிற முள்ளு நகர ஆரம்பிச்சுதுன்னா ஏற்கனவே லேட்டுன்னு அர்த்தம். சில வண்டியில முள்ளே கிடையாது, நீல லைட்டு சிவப்பு லைட்டு அவ்வளவுதான். உண்மையான டிகிரி தெரியணும்னா ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கிற ஓபிடி சாக்கெட்டுல சின்ன ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணு சொருகி போன்ல பாருங்க. ரொம்ப பணம் ஆகாது, இந்த வெயில் ஊர்ல வண்டி வச்சிருக்கிற எல்லார்கிட்டயும் அது ஒண்ணு இருக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

நடு ரோட்டுல சிவப்புக்குப் போயிருச்சு, இப்ப என்ன பண்ண?

முதல்ல ஏசியை ஆஃப் பண்ணுங்க. முள்ளு இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு, ஆவி எதுவும் வரலன்னா ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு ப்ளோயரை முழுசா போட்டு கண்ணாடியை இறக்கிவிடுங்க, உள்ள வேகும்தான், ஆனா ஹீட்டர்ங்கிறது ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துரும், அதை வச்சு ஒரு மரத்து நிழல் வரைக்கும் போயிரலாம். சிவப்பைத் தொட்டுருச்சு, இல்ல பானட்டுலருந்து புகை மாதிரி வருதுன்னா ஒரு அடி கூட நகர்த்தாதீங்க, ஓரங்கட்டி ஆஃப் பண்ணிருங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்ணே, திருமயம் வந்துரும்"னு ஓட்டி வந்து ஹெட்டு (இன்ஜினோட மேல்பாகம்) வளைஞ்ச வண்டி எத்தனையோ பாத்துட்டேன். அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு செலவு அஞ்சு இலக்கத்துல போகும், இழுவை வண்டிக்கு ஆகுறது அதுல ஒரு துளி.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. இதை நான் கையெடுத்துக் கும்பிட்டு சொல்றேன். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் புடிச்சு வச்சிருக்கு, அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும், நீங்க திருகுன நொடியில அத்தனையும் ஒரே நேரத்துல ஆவியாகி மூஞ்சியில அடிக்கும். என்கிட்ட வேலை பழகுன ஒரு தம்பிக்கு முன்னங்கையில தோலே உரிஞ்சிருச்சு, துணியைப் போட்டு மூடிக்கிட்டுத்தான் திறந்தான், துணி ஒண்ணும் காப்பாத்தல. குறைஞ்சது முக்கா மணி நேரம் விடுங்க, மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க, பொசுக்குன்னு அமுங்குச்சுன்னா, தொட்டா சுடலன்னா அப்புறம் திறக்கலாம். சூடா இருக்கும்போது பச்சத்தண்ணியை உள்ள ஊத்துறதும் இன்ஜின் மேல ஊத்துறதும் கூடாது, அலுமினிய ஹெட்டு வளையும், விரிசலும் விடும்.

சரி, எப்ப ஏறுதுங்கிறதை வச்சு எப்படி கண்டுபிடிக்கிறீங்க?

ஞாயித்துக்கெழமை பிள்ளையார்பட்டி கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்து போகும்போது ஏறுது, மெயின் ரோட்டுக்கு வந்து 60-ல போனா இறங்கிருது, அப்படின்னா அது காத்துப் பிரச்சனை. நிக்கிற வண்டிக்கு ஃபேன் மட்டும்தான் காத்து கொடுக்கும், ஓடுற வண்டிக்கு எதிர்க்காத்தே போதும். ஃபேன் மோட்டார், ரிலே, ஃப்யூஸ், இதுகளைப் பாருங்க.

தலைகீழா இருந்தா, அதாவது ஊருக்குள்ள நல்லா இருக்கு, திருச்சி ரோட்டுல 90, 100-ல வச்சு அரை மணி நேரம் போனா ஏறுது, அது தண்ணி ஓட்டப் பிரச்சனை. வேகமா போனா இன்ஜின் நெறைய சூடு போடும், அந்த சூட்டைத் தூக்கிட்டுப் போற அளவுக்கு கூலன்ட் ஓடல. ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கும், இல்ல தெர்மோஸ்டாட் (சூடு ஏறுனா தானா திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) பாதிதான் திறக்கும், இல்ல வாட்டர் பம்ப் இறக்கை தேஞ்சிருக்கும், இல்ல கீழ் ஹோஸ் பம்ப் இழுக்கிற இழுவையில உள்பக்கமா ஒட்டிக்கும். கடைசியா சொன்னதை நெறைய பேரு பாக்குறதே இல்ல, நின்னுக்கிட்டு ஆக்சிலேட்டரை 3000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தி கீழ் ஹோஸைப் பாருங்க, சப்பையானா மாத்துங்க.

ஏசி போட்டா மட்டும் ஏறுதுன்னா ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கண்டென்சர் தூசி அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. காலையில எடுத்த அஞ்சு நிமிஷத்துலயே ஏறுதுன்னா தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கிச்சு, இல்லன்னா உள்ள தண்ணியே இல்ல. ஒரு ஒழுங்கே இல்லாம ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடுதுன்னா ஏர் லாக் (கூலன்ட் வழியில காத்து மாட்டிக்கிறது), இல்ல சூட்டை அளக்குற சென்சார், இல்ல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்).

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஏறிக்கிட்டே இருந்த முள்ளு திடீர்னு கீழ விழுந்துருச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. கூலன்ட் மொத்தமும் வெளிய போயி சென்சார் வெறும் காத்துல நிக்குதுன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணணும்.

ஃபேன் சரியா வேலை செய்யுதான்னு வீட்லயே பாக்க முடியுமா?

முடியும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க, பெரும்பாலான வண்டியில கொஞ்ச நேரத்துல ஃபேன் ஓடணும். ஓடலன்னா ஃப்யூஸ் பாருங்க, அப்புறம் ரிலேயைக் கழட்டி அதே மாதிரி நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்துல சொருகிப் பாருங்க, ஓடுச்சுன்னா ரிலேதான் போச்சு, வேலை சீப்பா முடிஞ்சுது. அதுலயும் ஓடலன்னா மோட்டார் கனெக்டரைக் கழட்டி பேட்டரியிலருந்து நேரா 12 வோல்ட் கொடுங்க, அப்பவும் சுத்தலன்னா மோட்டார் கார்பன் தேஞ்சிருச்சு. நேரா கொடுத்தா ஓடுது, வண்டியில மாட்டுனா ஓடலன்னா ஒயர், எர்த், சென்சார் பக்கம் தேடணும். ரெண்டு ஸ்பீடு இருக்கிற ஃபேன்ல மெதுவா ஓடுறதுக்குன்னு ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது எரிஞ்சிருந்தா வேகமா மட்டும் ஓடும், ஊருக்குள்ள கொஞ்சம் ஏறி அப்புறம்தான் தடால்னு போடும்.

ஓடினா மட்டும் போதாது, எந்தப் பக்கம் ஊதுதுன்னும் பாக்கணும். மோட்டார் மாத்துனப்ப ஒயரை மாத்திக் கொடுத்துட்டா ஃபேன் எதிர்ப்பக்கமா ஊதும், எதிர்க்காத்தோட சண்டை போடும். முன்பக்கம் கிரில்கிட்ட ஒரு பேப்பரை காட்டுங்க, உள்பக்கமா இழுத்து ஒட்டிக்கணும். கையை உள்ள விடாதீங்க, சாவியை எடுத்த பின்னாடியும் சில வண்டியில ஃபேன் தானா ஓட ஆரம்பிக்கும்.

கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கு, ஆனா கீழ ஒரு சொட்டு கூட இல்ல. எங்க போகுது?

எங்கயோ போகுது, அது மட்டும் நிச்சயம். மூடியிருக்கிற சிஸ்டத்துல கூலன்ட் குறையவே கூடாது, மாசாமாசம் ஊத்துறது நார்மல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம ஊரு வெயில்ல சொட்டு விழுந்தாலும் சூடான இன்ஜின் மேலயே காஞ்சிரும், தரையில தெரியாது, ஆனா காஞ்ச இடத்துல வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்த மாதிரி கறை இருக்கும், டார்ச் அடிச்சுத் தேடுங்க. ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரத்து பிளாஸ்டிக் டேங்க் சேர்ற இடம், வாட்டர் பம்புக்கு கீழ இருக்கிற சின்ன ஓட்டை, இதெல்லாம் பாருங்க. உள்ள முன் சீட்டு கால் வைக்கிற இடத்துல மேட் ஈரமா இருந்து இனிப்பா ஒரு வாடை வந்தா ஹீட்டர் கோர், அதாவது முன்னாடி சொன்ன குட்டி ரேடியேட்டர், ஒழுகுது. டீசல் வண்டின்னா ஈஜிஆர் கூலர் (திரும்ப இன்ஜினுக்குப் போற புகையை ஆற வைக்கிறது) உள்ள ஓட்டையாகி சைலன்சர் வழியா போயிரும், அது வெளிய தெரியவே தெரியாது.

எதுவும் தெரியலன்னா பிரஷர் டெஸ்ட். ஆறுன வண்டியில மூடிக்குப் பதிலா கைப்பம்பு மாட்டி மூடியில போட்டிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏத்தி ஒரு கால் மணி நேரம் விட்டுப் பாப்போம். பம்புல இருக்கிற அழுத்த முள்ளு இறங்குச்சுன்னா ஒழுகல் இருக்கு. வெளிய எங்கயும் ஈரமே இல்லாம இறங்குச்சுன்னா இன்ஜினுக்குள்ள போகுது.

ஹெட் கேஸ்கெட் போயிருச்சுன்னு எப்படி உறுதியா சொல்றது?

ஆயில் மூடியைக் கழட்டிப் பாத்தா பால் காப்பி மாதிரி கொழகொழன்னு இருக்கும், சூடான பின்னாடியும் சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காது, காலையில ஸ்டார்ட் பண்ண ரெண்டாவது நிமிஷமே ஹோஸ் கல்லு மாதிரி இறுகும், ரிசர்வ் டேங்க்ல குமிழி வந்துக்கிட்டே இருக்கும். இது எல்லாமே ஒரே வண்டியில இருக்கணும்னு இல்ல, சில நேரம் கடைசி ஒண்ணு மட்டும் இருக்கும். அதுக்கு ஒரு கெமிக்கல் டெஸ்ட் இருக்கு, நீலக் கலர் தண்ணி உள்ள ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில வச்சு காத்தை இழுத்துப் பாப்போம், இன்ஜின் புகை கலந்திருந்தா பெட்ரோல் வண்டியில அந்த நீலம் மஞ்சளா மாறிரும். ஹெட்டைக் கழட்டச் சொல்றவங்ககிட்ட முதல்ல இந்த டெஸ்ட்டை செஞ்சு காமிக்கச் சொல்லுங்க.

கழட்டுனா கேஸ்கெட்டை மட்டும் மாத்தி மூடாதீங்க. ஹெட்டை நேர்கோல் வச்சு ஃபீலர் கேஜ் (மெல்லிசான அளவுத் தகடு) விட்டுப் பாக்கணும், பல வண்டிக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல வளைவு இருந்தா லேத்துல கொடுத்து மட்டமா சீவணும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு வரிசைப்படி முறுக்கணும், இழுவை போல்ட் (முறுக்கும்போது நீளுற போல்ட்) இருக்கிற வண்டியில போல்ட்டும் புதுசு போடணும். இதுல எதை விட்டாலும் மூணே மாசத்துல திரும்ப வரும்.

போர் தண்ணி ஊத்தலாமா? சம்பை ஊத்துத் தண்ணி நல்ல தண்ணிதானே?

இந்தப் பக்கத்துல என்கிட்ட அடைச்சு வர்ற ரேடியேட்டர்ல பெரும்பாலும் காரணம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். சம்பை ஊத்துத் தண்ணி குடிக்க அருமையான தண்ணி, நானும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனா வாய்க்கு ருசியா இருக்கிற தண்ணியிலயும் சுண்ணாம்பு உப்பு, மத்த தாதுவெல்லாம் கரைஞ்சுதான் இருக்கும். சூடாக சூடாக அந்த உப்பு பிரிஞ்சு படியும். வீட்ல வெந்நி போடுற பாத்திரத்தோட அடியைப் பாருங்க, வெள்ளையா பாறை மாதிரி ஒட்டியிருக்கும்ல, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் ஒட்டும், ஆனா அந்தக் குழாயோட உள்சந்து ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது. போர் தண்ணி இன்னும் மோசம், புதுவயல் பக்கத்துலருந்து வந்த ஒரு வண்டியோட ரேடியேட்டரை டேங்க் கழட்டிப் பாத்தப்ப பாதிக் குழாய்க்கு மேல வாய் அடைச்சு சிமெண்ட் பூசுன மாதிரி இருந்துச்சு. குண்டூசி உள்ள போகல. மூணு வருஷமா வெறும் போர் தண்ணிதான் ஊத்தியிருக்காக, "கூலன்ட்டும் தண்ணிதானே"ன்னு யாரோ சொன்னதை நம்பி.

உப்பு படியிறது ஒரு பக்கம்னா அரிப்பு இன்னொரு பக்கம். இன்ஜின்ல அலுமினியம் இருக்கு, இரும்பு இருக்கு, பழைய ரேடியேட்டர்ல செம்பு இருக்கு, இத்தனை உலோகமும் ஒரே உப்புத்தண்ணியில நனைஞ்சு கெடந்தா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செஞ்சு ஏதோ ஒரு உலோகம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். இதுக்கெல்லாம் நாம வெளியூரைத் தேட வேண்டியதே இல்ல, உலோகம் ஏன் அரிக்குது, எப்படி தடுக்கிறதுன்னு ஆராய்ச்சி பண்ற நம்ம சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இங்கயேதான் இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்த இடம். அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு அரிப்பைத் தடுக்கிற மருந்து கலந்த கூலன்ட்டை விட்டுட்டு போர் தண்ணியை ஊத்துறது எனக்கு மனசுக்கு வருத்தமா இருக்கு. கூலன்ட்டோட வேலை குளிர்ல உறையாம பாக்குறது மட்டும் இல்ல, நமக்கு அது வேணாம்தான், ஆனா அரிப்பைத் தடுக்கிறதும் கொதிநிலையை ஏத்துறதும் நமக்குத்தான் அதிகமா வேணும்.

அவசரத்துக்கு வேற எதுவும் இல்லன்னா? பேட்டரிக்கு ஊத்துற டிஎம் வாட்டர் (தாது நீக்குன தண்ணி), அது எல்லா ஊர்லயும் கிடைக்கும். அதுவும் இல்லன்னா மழைத்தண்ணி. நம்ம பெரிய வீடுகள்ல வளவு முத்தத்துல விழுற மழைத்தண்ணியை அண்டாவுல புடிச்சு வைப்பாக, அதுல உப்பு ரொம்ப கம்மி. அதுவும் இல்லன்னா ஆர்ஓ தண்ணி. வண்டி நின்னு போற இக்கட்டுன்னா எந்தத் தண்ணியும் ஊத்தலாம், தப்பில்ல, ஆனா ஊர் வந்து சேர்ந்த உடனே வடிச்சுட்டு சரியா ஊத்திரணும், "ஓடுதுல்ல"ன்னு விட்டுறக் கூடாது.

பச்சைக் கூலன்ட்டா, சிவப்பா? எவ்வளவு கலக்கணும்?

கலரை வச்சு முடிவு பண்ணாதீங்க, கலர் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுறது. வண்டி புக்குல என்ன வகைன்னு போட்டிருக்கும், அதையே ஊத்துங்க. வேற வேற வகையைக் கலந்தா அரிப்பு மருந்து வேலை செய்யாம போகும், சில நேரம் சேறு மாதிரி திரண்டுக்கும். ரெடிமிக்ஸ்னா, அதாவது ஏற்கனவே தண்ணி கலந்து வர்றதுன்னா, அப்படியே ஊத்தலாம். கெட்டியா வர்றதுன்னா பாதிக்குப் பாதி டிஎம் வாட்டர். கெட்டியானதைத் தண்ணி கலக்காம ஊத்துனா இன்னும் நல்லதுன்னு நெனைச்சு ஊத்துறாங்க, அது தப்பு, தண்ணி அளவுக்கு கூலன்ட் சூட்டைத் தூக்காது, ஹீட்டு கூடத்தான் செய்யும்.

"நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டி எறிங்க"ன்னு மெக்கானிக் சொல்றாரே?

சொல்றாங்க, நானும் பழகுற காலத்துல அப்படித்தான் கேட்டு வளந்தேன், கழட்டியும் இருக்கேன். அது தப்புன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. தெர்மோஸ்டாட் இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வர்றதுக்கே நேரமாகும், அது வரைக்கும் வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலை கூட்டி அடிக்கும், மைலேஜ் விழும், ஆயில்ல பெட்ரோல் கலக்கும், பிஸ்டன் ரிங்கு தேயும். அதைவிட, பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறந்த உடனே சுத்துவழியை அதுவே அடைக்கணும், அதைக் கழட்டிட்டா சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாம சுத்துவழியிலயே திரும்ப இன்ஜினுக்குள்ள போகும், ஹீட் ஆகக் கூடாதுன்னு கழட்டுன வண்டி ஹைவேயில ஹீட் ஆகும்.

தேவகோட்டை அண்ணன் ஒருத்தரு, "புதுசு போட்டும் ஏறுது, வால்வு வேஸ்ட்டு"ன்னு சண்டைக்கே வந்துட்டாக. கழட்டுன பழசையும் கடையில வாங்குன புதுசையும் அவுக முன்னாடியே டெஸ்ட் பண்ணேன். டீ போடுற சட்டியில தண்ணி வச்சு, வால்வோட இடுக்குல ஒரு நூலைச் செருகி, நூல்லயே தொங்குற மாதிரி தண்ணிக்குள்ள முக்கி, பக்கத்துல தெர்மாமீட்டர். வால்வு மேல 82-ன்னு பொறிச்சிருந்துச்சு. பழசு 81-ஐத் தாண்டுன உடனே வாயைத் திறந்துச்சு, நூலு வழுக்கி வால்வு தட்டுன்னு அடியில விழுந்துச்சு. புதுசு 82, 85, 90, தண்ணி தளதளன்னு கொதிக்குது, நூலைக் கவ்விப் புடிச்சபடியே தொங்குது. பழசு நல்ல சரக்கு, புதுசுதான் செத்தது. அன்னைலருந்து புது வால்வையும் சட்டியில போட்டுப் பாக்காம நான் மாட்டுறதில்ல. மாட்டும்போது அதுல ஆடுற சின்ன பின்னு இருந்தா அது மேல் பக்கமா வரணும், காத்து அது வழியாத்தான் வெளியேறும்.

எங்க வண்டி முள்ளு பாதிக்குக் கீழயே நிக்குது, அது நல்லதுதானே?

நல்லது இல்ல. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிச்சு, இல்ல யாரோ கழட்டிட்டாங்க. வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர்ல பி0128-ன்னு ஒரு ஃபால்ட் கோட் வரும். மேல சொன்ன அதே கெடுதல்தான், வால்வை மாத்துங்க.

செக் லைட் எரியுது, ஃபேன் நிக்காம ஓடுது, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. இது ஹீட் பிரச்சனையா?

சென்சார் பிரச்சனையா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, ஆனா சென்சாரே கெட்டிருக்கணும்னு இல்ல. போன வருஷம் கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டு வண்டி. வீட்டுக்காரங்க வெளியூரு, கல்யாணம் காதுகுத்துன்னா மட்டும் வருவாக, வண்டி அஞ்சு மாசமா கொட்டகையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆச்சி போன் பண்ணி, "ரெண்டு தடவை சென்சார் மாத்தியாச்சு தம்பி, அப்பவும் லைட்டு அணையல"ன்னாக. போயி ஸ்கேனர் மாட்டுனா பி0118, கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரின்னு காட்டுது. மே மாசம், மத்தியானம், கானாடுகாத்தான். மைனஸ் 40-ன்னா அது சூடு இல்ல, ஒயர் அறுந்திருக்குங்கிறதுக்கு கம்ப்யூட்டர் சொல்ற சேதி. அந்த நெலமையில கம்ப்யூட்டர் சூட்டை நம்பாம, பாதுகாப்புக்குன்னு ஃபேனை நிக்காம ஓட விட்டுரும், பெட்ரோலையும் கண்டபடி அடிக்கும்.

கனெக்டர்லருந்து ஒயரைத் தடவிக்கிட்டே போனேன். மேலருந்து பாத்தா டேப் சுத்துன ஒயர் முழுசா இருக்கு. மூணு விரக்கடை தள்ளி, அடிப்பக்கமா, நகத்துல கீறுன மாதிரி ரெண்டு பல்லுத் தடம், உள்ள செம்பு பச்சை பூத்து பொடியா உதிருது. இன்ஜின் மேல வைக்கோலு, துணிக்கந்தல், எலி கூடே கட்டியிருந்துச்சு. கெட்ட ஒயரை வெட்டி எடுத்து, புது ஒயர் சேத்து சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு சுருக்கி, ஸ்கேனர்ல அந்த ஃபால்ட் கோட்-ஐ அழிச்சேன். ஸ்கேனர்ல 39, ஸ்டார்ட் பண்ண உடனே 45, 60, 82, வால்வு திறந்து 79-க்கு ஒரு எறக்கம், அப்புறம் 88-ல போயி நின்னுச்சு. ரெண்டு சென்சாருக்கு கொடுத்த காசு வீணாப் போச்சேன்னு ஆச்சிக்கு வருத்தம், எனக்கும்தான்.

சென்சாரை மீட்டர் வச்சுப் பாக்கலாமா?

பாக்கலாம். அதுக்கு சூடு ஏற ஏற ஓம் (மின்தடை) இறங்கணும், அதுதான் அதோட குணம். வண்டிக்கு வண்டி அளவு மாறும், ஆனா பொதுவா 20 டிகிரியில 2000-லருந்து 3000 ஓம், 80 டிகிரியில 300 ஓம் பக்கம். கழட்டி சுடுதண்ணியில போட்டு மீட்டரைப் பாத்துக்கிட்டே இருங்க, தடுக்கல் இல்லாம ஒரே சீரா இறங்கணும். நடுவுல குதிச்சா சென்சார் போச்சு. சென்சார் நல்லா இருந்தா கனெக்டரைக் கழட்டி சாவி போட்டு ஒயர்ல பாருங்க, 5 வோல்ட் வரணும். பி0117-ன்னு வந்தா ஒயர் எங்கயோ ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், பி0118-ன்னா அறுந்திருக்கும் இல்ல கனெக்டர் பின்னு துரு.

மாசக்கணக்கா பூட்டி வைக்கிற வண்டிக்கு என்ன செய்யணும்?

நம்ம பக்கம் இந்தக் கேள்வி ரொம்ப வரும். வீட்டைப் பாத்துக்கிறவங்ககிட்ட சொல்லி பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் இல்ல, ஃபேன் ஒரு தடவை போட்டு நிக்கிற வரைக்கும் ஓடணும், முடிஞ்சா தெருவுல ஒரு சுத்து. கொட்டகையில ஓடும்போது கதவைத் திறந்து வைக்கணும். "குறைஞ்சா இதைத்தான் ஊத்தணும்"னு ஒரு கேன் ரெடிமிக்ஸ் கூலன்ட்டை கையில கொடுத்துட்டுப் போங்க, இல்லன்னா அவுக நல்ல மனசோட கிணத்துத் தண்ணியை ஊத்திருவாக. கல்யாணத்துக்கு மொத நாள் வந்து எடுத்த உடனே மதுரை ஏர்போர்ட்டுக்கு விடாதீங்க. பானட்டைத் திறந்து எலிக்கூடு, ஒயர், கூலன்ட் அளவு, பெல்ட் பாத்துட்டு எடுங்க.

மூடி, பம்ப், ஏர் லாக் பத்தி?

மூடி சின்ன சாமான், ஆனா ரப்பர் இறுகிப் போனா அழுத்தம் நிக்காது, 100-லயே கொதிச்சு ரிசர்வ் டேங்க் வழியா வழியும். வண்டி ஆறுன பின்னாடி மேல் ஹோஸ் சப்பையா ஒட்டியிருந்தா மூடியில இருக்கிற ரெண்டாவது சின்ன வால்வு மாட்டிக்கிச்சு. வேற எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, அதே அழுத்தம் போட்ட மூடி ஒண்ணு மாத்திப் பாருங்க. பம்ப்ல பேரிங் சத்தம் வந்தாலோ கீழ் ஓட்டையில கறை இருந்தாலோ மாத்திருங்க, டைமிங் பெல்ட் ஓட்டுற பம்புன்னா பெல்ட்டோட சேத்து.

ஏர் லாக்குக்கு: ஆறுன வண்டியை முன்பக்கம் மேடா நிறுத்தி, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வச்சு, மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் பண்ணி, மெதுவா ஊத்திக்கிட்டே இருங்க, தெர்மோஸ்டாட் திறந்த உடனே குபுக்குனு தண்ணி இறங்கும், அதையும் ரொப்பி, குமிழி நின்ன பின்னாடி மூடுங்க. ப்ளீடர் ஸ்க்ரூ இருந்தா அதைத் திறந்து காத்து போயி தண்ணி வர்ற வரைக்கும் விடணும். மறுநாள் காலையில அளவைத் திரும்பப் பாருங்க.

அறுப்பு முடிஞ்சா ஏன் வண்டி நெறைய ஹீட் ஆகுது?

உளுந்து, கொள்ளு, எள்ளுச் செடியையெல்லாம் ரோட்டுல பரப்பிப் போட்டு வண்டி ஏறிப் போகட்டும்னு விடுவாங்க. அந்தத் தும்பு பறந்து கிரில் வழியா உள்ள போயி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு மெத்தை மாதிரி சேரும், முன்னாடி நின்னு பாத்தா தெரியவே தெரியாது. ரெண்டையும் கொஞ்சம் விலக்கி, உள்பக்கத்துலருந்து வெளிப்பக்கமா, மெதுவான தண்ணியில கழுவணும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷரா அடிச்சா ஃபின்னு எல்லாம் மடங்கி காத்துப்போற வழியே அடைச்சிரும்.

அப்பச்சி காலத்து அம்பாசடர் இருக்கு, அதுக்கும் இதே வைத்தியமா?

அதுல ஃபேன் இன்ஜின் பெல்ட்டுலயே ஓடும், மோட்டார், ரிலே, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனால நிக்கும்போது ஏறுனா பெல்ட் தளர்வு, ஃபேன் இறக்கை, ரேடியேட்டர் அடைப்பு, இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடுற நேரம்) இந்த நாலைத்தான் பாக்கணும். டைமிங் லேட்டா இருந்தா ஹீட் ஆகும், அதை மறந்துட்டு ரேடியேட்டரையே திரும்பத் திரும்ப கழுவுறாங்க. செம்பு ரேடியேட்டரை மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க, மேல் டேங்கைக் கழட்டி குழாயில கம்பி விட்டு சுத்தம் பண்ணி திரும்ப ஈயம் பத்தவைக்கிற ஆளுங்க இன்னும் இருக்காக, அது இன்னும் பல வருஷம் ஓடும்.

வடிச்ச பழைய கூலன்ட்டை எங்க ஊத்துறது?

மண்ணுல ஊத்தாதீங்க, வாய்க்கால்ல ஊத்தாதீங்க, ஊரணி பக்கமே கொண்டு போகாதீங்க. கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனா குடிக்க இனிப்பா இருக்கும், அதுதான் ஆபத்தே, நாயி, ஆடு, கன்னுக்குட்டி எல்லாம் நக்கிரும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயிரும். சின்னப் புள்ளைங்களுக்கும் அதேதான், குளிர்பானப் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க, யாராவது குடிச்சிட்டாங்கன்னு தெரிஞ்சா வாந்தி எடுக்க வைக்கிறேன்னு நேரத்தைப் போக்காம உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. பழைய கேன்லயே திரும்ப ஊத்தி மூடியை இறுக்கி, மேல "விஷம்"னு பெரிய எழுத்துல எழுதி, பழைய ஆயில் எடுக்கிற இடத்துல கேட்டுக் கொடுங்க. நம்ம பக்கத்துல இன்னும் எத்தனையோ கிராமத்துல குடம் எடுத்துட்டுப் போயி ஊரணியில மொண்டு குடிக்கிறாக. என் பட்டறையில வடிக்கிற கூலன்ட் ஒரு லிட்டர் கூட அந்த தண்ணிக்குப் போகக் கூடாதுன்னுதான் தனி பேரல் வச்சு மூடி போட்டு வச்சிருக்கேன்.